பக்கவாட்டில் எடுத்த படம்

எங்கள் வீட்டில் யாருக்காவது கை அடிபட்டால் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். முறிவா, நெரிவா? முறிவென்றால் ஆஸ்பத்திரி, பிளாஸ்டர், வெளிநாட்டிலிருந்து அழைப்புகள், கோயிலில் அர்ச்சனை. நெரிவென்றால், அதாவது சுளுக்கென்றால், எண்ணெய், நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் கட்டும் பச்சிலைப் புக்கை, மூன்று நாள் வீட்டில் இருப்பு. மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். எலும்பு முறியாமலே தன் இடத்தை விட்டு வெளியே போய் உட்கார்ந்துவிடும், அதற்குப் பெயர் விலகல் என்பேன். "ஓ, அப்ப நெரிவுதானே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தீவுப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, நாளைக்கும் நான் அங்கே வேலைக்குப் போகவேண்டும். அரசாங்கக் கடிதங்களில் எனக்கு ஒரு முழ நீளத்துக்குப் பதவிப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் படம் பிடிக்கிறது. கலியாண வீட்டில் வீடியோ எடுப்பவரும் நானும் அவர்களுக்கு ஒரே தொழில்காரர். எனக்கு வயது நாற்பத்தாறு, தலையில் நரை வந்துவிட்டது, இன்னும் "படம் பிடிக்கிற பிள்ளை"தான்.

படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. அது டொக்டருடைய வேலை. நான் எடுத்துக் கொடுக்கலாம். கேட்கக்கூடிய டொக்டர் என்றால் பக்கத்தில் நின்று மெதுவாக ஒரு சொல் சொல்லலாம். சொன்னதை அவர் எடுத்தால் எடுத்தார், விட்டால் விட்டார். இத்தனை வருடம் பார்த்த கண்ணுக்கு ஒரு சதத்துக்கும் மதிப்பில்லாத இடம் அது. இந்தக் கோபம் எனக்குப் பழையது. அதை வைத்துக்கொண்டுதான் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அண்ணைக்குச் சொந்தமாக ஒரு மினிபஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஓடும். பழைய வண்டி. அதன் கியர்த் தண்டை இடது கையால் இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி, தோளால் தள்ளினால்தான் விழும். வேறு யார் ஓட்டினாலும் அது சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். அண்ணையின் கைக்குப் பேசாமல் விழும். அவருக்கு அதில் பெரிய பெருமை. பஸ்ஸை ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் தனக்குத் தெரியும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இறங்குதுறையிலிருந்து படகில் போகிற நயினாதீவுக் கோயிலில் திருவிழா நாட்கள். பஸ்ஸுக்குள் சனம், கூரையில் சாமான். இறங்குதுறையில் நிறுத்திவிட்டு, அன்னதானத்துக்குப் போகிற அரிசி மூட்டையை அவிழ்க்க அண்ணை பின்பக்க ஏணியில் ஏறினார். நடத்துநர் கீழே காசுக் கணக்கில் நின்றாராம். கயிறு முழுக்க அவிழ முதல், கீழே நின்ற ஒருவர் உதவி செய்கிறேன் என்று மூட்டையை இழுத்தார். மூட்டையோடு அண்ணையும் வந்தார். இடது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை சீமெந்தில் அடிபட விழுந்திருக்கிறார்.

விழுந்த மனிதர் என்ன செய்திருக்கவேண்டும்? அவர் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தார். வலது கையால் ஸ்டியரிங், அதே வலது கையை இடப்பக்கம் கொண்டுபோய்க் கியர். கடலின் நடுவே போகிற ஒடுக்கமான தாம்போதியில், நிறைந்த சனத்தோடு. இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "காத்து நிண்ட சனத்தை இறங்குதுறையில விட்டிட்டு வரேலுமே?" என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

மத்தியானம் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார். மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாள். கையை வாங்கிப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது, அது பெரிதல்ல. விரல்கள் பாதி மடிந்தபடி நின்றன. நிமிர்த்தப் பார்த்தேன், கத்திவிட்டார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் தொட்டாலும் தெரியாமல் விறைத்துப்போய்க் கிடக்கிறது என்றார். சின்னவிரல் மட்டும் நன்றாக இருந்தது. இப்படி மூன்று விரல் தனியாக விறைத்தால், உள்ளே ஏதோ ஒன்று நரம்பை நெரித்துக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

டொக்டர் எழுதிய துண்டில் முன்பக்கப் படம் மட்டும்தான் கேட்டிருந்தது. நான் இரண்டு எடுத்தேன். உள்ளங்கையைத் தட்டில் வைத்து ஒன்று. பிறகு சின்னவிரல் பக்கம் தட்டில் பட, பெருவிரல் மேலே இருக்கக் கையை நிறுத்திவைத்து மற்றது. அந்தப் பக்கவாட்டுப் படத்துக்குக் கையைத் திருப்பும்போது அண்ணை எனக்குச் சொன்ன சொற்களை எழுதமுடியாது.

மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்புகள், நாலு நாலாக இரண்டு வரிசை. முதல் வரிசையின் நடுவில் பிறைபோல் வளைந்த ஒன்று இருக்கிறது, அதைப் பிறை எலும்பு என்றே சொல்லலாம். முன்பக்கப் படத்தில் எல்லாம் பரப்பிவைத்த புளியங்கொட்டைகள்போல் தெரியும். கோடுகள் வளைவாக, ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறை எலும்பு வழக்கமாக நாலு மூலையோடு தெரியும். சரிந்துவிட்டால் மூன்று மூலையாகத் தெரியும். அண்ணையின் படத்தில் மூன்று மூலை. தெரிந்தவர் கண்ணுக்கு அதுவே போதும். தெரியாதவருக்கு அது அழகான, முறிவே இல்லாத ஒரு கை.

பக்கவாட்டுப் படம்தான் உண்மையைச் சொல்லும். முன்கை எலும்பு, அதன் நுனியில் பிறை எலும்பு, அதன் குழிக்குள் அடுத்த வரிசையின் பெரிய எலும்பு, மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். இந்த ஒழுங்கு குலைவதில் வகைகள் இருக்கின்றன. சிலருக்குப் பிறை எலும்பு தன் இடத்தில் இருக்க, சுற்றியுள்ள மற்றவை எல்லாம் புறங்கைப் பக்கம் ஏறிப் பாய்ந்துவிடும். சிலருக்கு மற்றவை திரும்ப வந்து வரிசையில் உட்கார்ந்துவிட, பிறை எலும்பு தனியே உள்ளங்கைப் பக்கம் தள்ளுண்டு கவிழ்ந்து கிடக்கும். இரண்டாவது வகை கடைசிப் படி. பிடித்துவைத்திருக்கும் தசைநார்கள் சுற்றிவரக் கிழிந்தால்தான் அந்த நிலைக்குப் போகும். அண்ணைக்கு அந்த இரண்டாவது வகை. எலும்பு கவிழ்ந்து, நரம்பின்மேல் கிடந்தது. எட்டில் ஒன்றுகூட முறியவில்லை. ஒரு சின்ன முறிவாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு எத்தனை முறை நினைத்தேன். முறிவு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் எழும்பி ஓடியிருப்பார்கள்.

அன்று கடமையில் நின்ற டொக்டர் இளம் பெடியன். முதல் நாள் காலையிலிருந்து நித்திரை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெளியே நீளத்துக்குச் சனம்.

"முறிவு ஒண்டும் இல்லையே மிஸ்" என்றார்.

"முறிவில்லை டொக்டர். பக்கப் படத்தைப் பாருங்கோ. பிறை எலும்பு வெளியில கிடக்குது."

பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார் என்றுதான் சொல்லவேண்டும். "கை கொஞ்சம் திரும்பி இருந்தாலும் இப்பிடித் தெரியும்தானே" என்றார்.

அதாவது நான் கையைச் சரியாக வைக்கவில்லையாம். "இருபத்திரண்டு வருஷமாக் கை வைக்கிறன் டொக்டர்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அறைக்கு வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. ஆனால் திரும்பவும் படத்தைப் பார்த்தார், அதை நான் மறைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்து எலும்புக் கிளினிக்குக்கு மறுநாள் காலையே போகும்படி துண்டு எழுதினார். நெரிவு என்று எழுதி, பக்கத்தில் விலகல் என்று எழுதி, அதற்கு ஒரு கேள்விக்குறி போட்டார். கைக்கு அட்டை வைத்துக் கட்டினார்கள். அம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸோடு போய்விட்டிருந்தது, இல்லையென்றால் அன்றைக்கே ஏற்றி அனுப்பியிருப்பேன்.

பிலிம் தட்டுப்பாடு வந்ததிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அச்சடிப்பதில்லை. திரையில் தெரிவதை ஆட்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு போகலாம். மச்சாளும் எடுத்தாள். நானும் இரண்டையும் என் போனில் எடுத்து வைத்துக்கொண்டேன், காலையில் கிளினிக்கில் காட்டத் தேவைப்படும் என்று.

பின்னேரம் வேலை முடிந்து வேலணையில் அண்ணை வீட்டுக்குப் போனால், அங்கே எல்லாரும் சிரித்த முகத்தோடு இருக்கிறார்கள். மச்சாள் தேத்தண்ணி ஊற்றப் போனாள். என்ன விஷயம் என்று கேட்டேன். போனை நீட்டினாள்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஐந்து நாட்டில் இருக்கும் ஆட்கள் அதில் இருக்கிறார்கள். பிறந்தநாள், செத்தவீடு, கோயில் தேர், எல்லாம் அதற்குள் வரும். மச்சாள் எக்ஸ்ரே படத்தை அதில் போட்டிருந்தாள். லண்டனில் எங்கள் மாமாவின் மகன் டொக்டராக இருக்கிறார், குழந்தைப்பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர். லண்டன் மச்சான் என்றால் எங்கள் வீட்டில் சுவாமி படத்துக்கு அடுத்த இடம். அவர் பதில் போட்டிருந்தார்: முறிவு ஒன்றும் தெரியவில்லை, சந்தோசம், கையை ஆட்டாமல் ஓய்வாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

மச்சாள் போட்டிருந்தது முன்பக்கப் படம் ஒன்றை மட்டும். பக்கவாட்டுப் படத்தை அவள் போனில் எடுக்கவே இல்லை. "அதில எலும்பெல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடந்தது. பிழைச்ச படம் எண்டு விட்டிட்டன்" என்றாள். நான் அண்ணையைக் கத்தவைத்து எடுத்த படம் அது.

"நாளைக்குக் கிளினிக்குக்குப் போறீங்களோ இல்லையோ?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதுதான் லண்டன் டொக்டர் முறிவில்லை எண்டிட்டாரே" என்றாள் மச்சாள்.

"முறிவில்லை எண்டு நானும்தான் சொல்லுறன். எலும்பு விலகிக் கிடக்குது."

"அப்ப நெரிவுதானே. துண்டிலயும் நெரிவு எண்டுதானே எழுதியிருக்கு. பரியாரியாரிட்டப் போனா மூண்டு கட்டில சரி."

"நெரிவில்லை எண்டு சொல்லுறன் எல்லே! இது வேற. மயக்கி இழுத்து உள்ளுக்கு விடவேணும். இண்டைக்கு நாளைக்குள்ள செய்தால்தான் லேசு."

"உமக்குத்தான் எல்லாம் தெரியுமோ? அவர் அங்க எத்தினை வருஷம் படிச்சவர்!"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கதிரையில் சாய்ந்து, கட்டிய கையை மடியில் வைத்திருந்தார். அவருக்கு நோகிறது, விறைக்கிறது, அதைவிட இந்தச் சத்தம் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார், "நீ படம் பிடிக்கிறனீ, பிடிச்சிட்டாய். இனி விடு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. தேத்தண்ணியை வாங்காமல் எழும்பினேன். "உங்கட லண்டனையே கேளுங்கோ. இனி எனக்கும் உங்கட கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படலையை அடித்துச் சாத்திக்கொண்டு வந்தேன். பஸ் தரிப்பில் நின்றபடி போனை எடுத்தேன். பக்கவாட்டுப் படம் என்னிடம் இருந்தது. அதைக் குழுவில் போட்டிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் லண்டனில் இருப்பவர் பார்த்திருப்பார். படத்தைத் தெரிவுசெய்து வைத்துக்கொண்டு நின்றேன். நான் ஏன் போடவேண்டும், வேண்டுமென்றால் கேட்கட்டும் என்று நினைத்தேன். போடாமல், குழுவை விட்டு வெளியேறினேன். வெளியேறிவிட்டார் என்று எல்லாருடைய போனிலும் என் பெயருக்கு அருகில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் செய்தேன்.

கோபித்துக்கொண்டு கதையாமல் இருப்பதில் எங்கள் குடும்பத்தை யாரும் வெல்லமுடியாது. அப்பாவும் சித்தப்பாவும் வேலியில் நட்ட ஒரு கதியால் தடிக்காக ஒன்பது வருடம் கதைக்கவில்லை. அதற்கென்று ஒழுங்குகள் இருக்கின்றன. செத்தவீட்டுக்குப் போகலாம், முகம் பார்க்கக்கூடாது. பலகாரம் அனுப்பலாம், யார் அனுப்பியது என்று சொல்லக்கூடாது. முதலில் கதைப்பவர் தோற்றவர். நான் இந்த ஒழுங்கில்தான் வளர்ந்தேன், அது எனக்கு மூச்சு விடுவதுபோல் வரும்.

மறுநாள் அவர்கள் கிளினிக்குக்குப் போகவில்லை. என்னோடு வேலை செய்யும் தாதி அண்ணை வீட்டுக்கு அருகில் இருப்பவள், அவள் மூலம் எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. பரியாரியார் எண்ணெய் போட்டு முதலாவது புக்கை கட்டிவிட்டார். வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. இரண்டாவது கட்டு. விரல் இன்னும் விறைப்புத்தான். பஸ்ஸுக்குக் கூலிக்கு ஒரு சாரதி. வேலைக்குப் போகும்போது அந்தப் பஸ் எனக்கு முன்னால் நிற்கும், கியர் விழுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கும். நான் அதில் ஏறவில்லை. கால் மணித்தியாலம் காத்திருந்து அரசாங்க பஸ்ஸில் போனேன். அப்படியும் ஒரு வீறாப்பு.

ஆனால் ஒவ்வொரு நாளும் கணினியில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். இது யாருக்கும் தெரியாது. முதல் நாள் என்றால் மயக்கிவிட்டு இழுத்தே உள்ளே தள்ளியிருக்கலாம். ஒரு கிழமை போனது, இனிக் கட்டாயம் வெட்டவேண்டி வரும் என்று நினைத்தேன். இரண்டு கிழமை போனது, இனி வெட்டினாலும் மணிக்கட்டு இறுகிவிடும். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு, கவிழ்ந்தபடி கிடக்கிறது. நரம்பு நசிந்துகொண்டிருக்கிறது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு, கேட்கட்டும், கேட்கட்டும் என்று இருந்தேன். அவர்கள்மேல் எவ்வளவு எரிச்சல் இருந்ததோ, அதே அளவு எரிச்சல் என்மேல் வரத் தொடங்கியது. இருந்தும் போன் எடுக்கவில்லை.

இருபத்துநாலாம் நாள் காலை மச்சாள் அண்ணையைக் கூட்டிக்கொண்டு எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றாள். முதலில் கதைத்தது அவள்தான்.

"பரியாரியார் இனிக் கட்டமாட்டன் எண்டிட்டார்" என்றாள். வீக்கம் வற்றிய பிறகு, மூன்றாவது கட்டை அவிழ்த்த பரியாரியார் உள்ளங்கைப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாராம். "இது முறிவுமில்லை, நெரிவுமில்லை. உள்ளுக்கு ஒண்டு முன்னுக்கு வந்து கிடக்குது. எனக்கு இது ஏலாது, உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று சொல்லி, காசும் வாங்காமல் அனுப்பிவிட்டாராம். அந்த மனிதரை ஏசுவதற்கு நான் மூன்று கிழமையாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். எங்கள் எல்லாரையும்விட அவர்தான் ஒழுங்காக நடந்திருக்கிறார். நானும் அவர்களோடு யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்தில் எலும்பு டொக்டர் பக்கவாட்டுப் படத்தைத்தான் முதலில் கேட்டார். ஒரு பார்வை. என்ன வகை, எத்தனையாவது படி என்று பக்கத்தில் நின்ற மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் முதல் நாள் கண்ட அதே வகை, அதே படி. எனக்கு அதில் ஒரு துளி சந்தோசமும் வரவில்லை. "எத்தினை நாள்?" என்று கேட்டார். சொன்னேன். பேனையை மூடி மேசையில் வைத்தார். பிறகு, செய்யக்கூடியதைச் செய்வோம் என்றார்.

கையின் முன்பக்கமும் பின்பக்கமும் வெட்டினார்கள். எலும்பை உள்ளே வைத்து, கம்பிகள் போட்டு நிறுத்தினார்கள். இரண்டு மாதம் பிளாஸ்டர்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் லண்டன் மச்சான் எனக்கு அழைப்பு எடுத்தார். "பக்கப் படமும் எடுத்ததெண்டு எனக்கு இப்பதான் தெரியும். ஒண்டுதான் எடுத்தவை எண்டு நினைச்சிட்டன். நான் குழந்தைப்பிள்ளை டொக்டர்தான், எண்டாலும் அதைப் பாத்திருந்தா விளங்கியிருக்கும். கேக்காமல் விட்டது என்ர பிழைதான். ஆனா நீர்தானே எடுத்தனீர். ஏன் ஒருக்கா எனக்கு அனுப்பேல்லை?"

லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பிளாஸ்டர் வெட்டிய பிறகு அண்ணையின் மணிக்கட்டு முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. பயிற்சிக்குப் போனார். பந்து பிசைந்தார். சுடுதண்ணியில் வைத்தார். தேநீர்க் குவளையைத் தூக்க வந்தது, சேட் பொத்தான் பூட்ட வந்தது. கியர் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் நின்ற பஸ்ஸில் ஏறி, இன்ஜினைப் போடாமல், மூன்றாம் கியரை விழுத்தப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார் என்று மச்சாள் சொன்னாள். இப்போது கூலிச் சாரதிதான் நிரந்தரம். அண்ணை முன் சீட்டில் ஏறி இருந்து சனத்தை ஏற்றி இறக்குகிறார். வாகனத்தைப் பற்றிய கதை எடுத்தால் வேறு கதைக்குப் போய்விடுவார்.

என்னை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசினால் நானும் திருப்பி ஏசலாம், துண்டு தந்ததே, போயிருக்கலாமே, ஏன் போகவில்லை என்று கேட்கலாம். நூறு கேள்வி என்னிடம் இருந்தது. அவர் கேட்டால்தானே நான் கேட்பது.

ஆறு மாதம் கழித்து, எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்குப் படம் எடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். அன்று கூட்டமில்லை. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தேன். இந்த முறை கையைத் திருப்பும்போது அவர் சத்தம் போடவில்லை. முடிந்ததும் போவார் என்று நினைத்தேன். எக்ஸ்ரே மேசையிலேயே இருந்தார்.

"அண்டைக்கு எடுத்த படம் இப்பவும் கிடக்கே?" என்று கேட்டார்.

"கிடக்குது."

"ஒருக்காக் காட்டு பாப்பம்."

பக்கவாட்டுப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தேன். எழும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான் விரலால் காட்டினேன். இது முன்கை எலும்பு, இது அதன் நுனி, இந்தக் குழிக்குள் இருக்கவேண்டியது இது, இங்கே வந்து கிடக்கிறது. அரை நிமிடமும் ஆகவில்லை.

"இது பஸ் சில்லுப் பெயரிங் மாதிரியெல்லே" என்றார் அண்ணை. "கப்புக்குள்ள இருந்து கழண்டு, வெளியில வந்து கிடக்குது."

"ஓம்" என்றேன்.

"அந்தப் பக்கத்தாலதான் நரம்பு போகுதோ?"

"ஓம்."

திரையைத் தொட்டுப் பார்த்தார். "இருபத்தேழு வருஷம் பஸ் ஓடினனான். பெயரிங் ஒண்டு இப்பிடிக் கிடந்தா நான் வண்டியை ரோட்டில இறக்கமாட்டன், தெரியுமே? அண்டைக்கே கழட்டிப் போட்டுவிடுவன். இதை எனக்கு நீ காட்டேல்லையே" என்றார்.

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் டொக்டரோடு சண்டை பிடித்தேன், மச்சாளோடு சண்டை பிடித்தேன், முகம் தெரியாத கனடாக்காரர்களோடுகூட மனதுக்குள் சண்டை பிடித்தேன். எல்லாருக்கும் விளங்கப்படுத்தினேன். அவர் விழுந்த அன்று மத்தியானம், படம் எடுத்து முடிந்த கையோடு, இதே மேசையில் இருந்துகொண்டு அண்ணை கேட்டார், "என்னவாம் பிள்ளை, என்ன தெரியுது?" என்று. "உங்களுக்குச் சொன்னா விளங்காது, இருங்கோ, டொக்டரோட கதைச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

மேசையிலிருந்து திரைக்கு நாலு அடிதான்.